பறவை எங்களை மறக்கும் தூரம்

முதல் வருடத்தில் போனது இவ்வளவு: இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய 150-600 மில்லிமீற்றர் லென்ஸ், ஏழு மாதத்து விடியக்காலைகள், நிலத்தில் முட்டையிடும் உப்புக்கொத்தி என்ற சின்னக் குருவியின் மூன்று முட்டைகள். காசு எப்படியும் திரும்பச் சேரும். அந்த முட்டைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. யாழ்ப்பாணத்தில் பறவை படம் எடுக்கத் தொடங்குகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். யாராவது ஒருவர் முன்னரே இதையெல்லாம் சொல்லியிருந்தால் மூன்றுமே மிஞ்சியிருக்கும். அதனால் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

நவம்பரில் தொடங்கியது. மாரி மழையில் கல்லுண்டாய் வெளி, வல்லை வெளி, செம்மணி எல்லாம் தண்ணீர் பிடித்துக் கிடக்கும் காலம். வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் வந்து இறங்கிவிட்டன. பண்ணைப் பாலத்தடியில் நின்று மூன்று கிழமையில் ஆறாயிரம் படம் எடுத்தால் அதில் பாதி பறவையின் முதுகு, மீதியில் வெயில் பறவைக்குப் பின்னால் விழுந்து வெறும் கரிய உருவம். கமராவில் பிழையே இல்லை. நின்ற இடம்தான் பிழை. பறவை காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், மேய்கிறபோதும் பெரும்பாலும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். இறகு கலையாமல் இருக்க அதுதான் வழி. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, காலை வெயிலும் கிழக்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே நீர்நிலையின் கிழக்குக் கரையில் முதுகில் வெயிலும் காற்றும் படும்படி நின்றால், எழும்புகிற ஒவ்வொரு பறவையும் முகத்தில் வெளிச்சத்தோடு உங்களை நோக்கித்தான் வரும். சோளகம் தொடங்கினால் எல்லாம் மாறிவிடும். காற்று தென்மேற்கு, அதற்குப் பொருந்துகிற வெயில் பின்னேர வெயில். அப்போது மேற்குக் கரையில் நிற்க வேண்டும். வாடைக்குக் காலை, சோளகத்துக்குப் பின்னேரம். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் முழு நவம்பரும் போனது.

வெளிச்ச அளவிலும் அதே மாதிரி ஒரு பாடம். கறுத்த சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்கைத் தானியங்கி முறையில் எடுத்தால், கமரா சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு எல்லாம் வெளுத்து ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு போல ஆகிவிடும். அந்த வெளுப்பைப் பிறகு கணினியில் எந்த வித்தையாலும் மீட்க முடியாது. வெயில் நிலையாக அடிக்கிற நாளில் எல்லாவற்றையும் கையால் வைத்துவிடுவது நல்லது. வெயில் நன்றாக ஏறிய பிறகு ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, மூடியின் வேகம் 1/2500 வினாடி என்று வைத்தால் கொக்கு வெளுக்காது. விடிந்து ஒரு மணிநேரத்துக்குள் என்றால் ஐ.எஸ்.ஓவை 800க்கு ஏற்றினால் போதும். முகில் மறைத்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, திரும்ப ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நீர்க்காகமோ கரிக்குருவியோ வந்தால் அதே வெயிலில் வேகத்தை 1/1000 அளவுக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அடுத்தது கானல். டிசம்பர் முழுக்கப் படங்கள் ஒரு மாதிரி கலங்கலாகவே வந்தன. குவியம் பிழை என்று நம்பி லென்ஸை ஒரு கடையில் கொடுத்துச் சரிபார்க்க 6,500 ரூபாய் செலவானது. லென்ஸில் ஒன்றுமே இல்லை. ஆழமில்லாத பரவைக்கடலும் ஈரச்சேறும் காலையிலேயே சூடேறத் தொடங்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நெளிகிறபோது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த நெளிவை 600 மில்லிமீற்றர் லென்ஸ் பெரிதாக்கிக் காட்டுகிறது. மழை இல்லாத நாளில் எட்டரை மணிக்குப் பிறகு நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் பறவையின் இறகு நுணுக்கம் எந்த விலை லென்ஸிலும் வராது. சோதிப்பது சுலபம். தூரத்தில் நட்டிருக்கும் ஒரு தடியை அசையாமல் வைத்துப் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுங்கள். பத்தில் சில கூராகவும் சில கலங்கியும் தடியின் ஓரம் அலைபோல வளைந்தும் இருந்தால் அது கானல். கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போங்கள்.

லென்ஸ் செத்தது ஜனவரியில். வாடை பலமாக அடிக்கிற நாளில் பாலத்தடியில் நின்றால் நாக்கில் உப்புக் கரிக்கும். அதே உப்புத்தான் லென்ஸிலும் படிகிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படியே துணிப் பைக்குள் போட்டு சிப்பைப் பூட்டி அலுமாரியில் வைத்தாயிற்று, மாரி ஈரத்தில் ஐந்து கிழமை. வெளியே எடுத்துக் கைபேசி வெளிச்சத்தைப் பின்பக்கத்தால் அடித்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நரம்புகள், பூஞ்சணம். கொழும்புக்கு அனுப்பித் துப்புரவாக்க 38,000 ரூபாய், ஆறு கிழமைக் காத்திருப்பு. பூஞ்சணத்தை எடுத்தார்கள். அது அரித்த மேற்பூச்சு திரும்ப வரவில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்க ஒரு வெள்ளைப் புகை. கடைசியில் குறையைச் சொல்லி எழுபதாயிரத்துக்கு விற்க வேண்டியதாயிற்று.

இதைத் தடுக்க அப்போது ஆகியிருக்கும் செலவு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்தான். இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் ஈரமானி ஒன்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணி அரைக் கிலோ. ஈரமானி 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். மணி நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரம் சூடாக்கித் திரும்பப் போடலாம். அரிசி போட வேண்டாம், தவிட்டுத் தூசு லென்ஸ் வளையங்களுக்குள் போகும். களத்திலிருந்து வந்த உடனே செய்ய வேண்டியது, குடிதண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் உடல் பகுதியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைப்பது. கண்ணாடியைத் துணியால் தொடுவதற்கு முன் ஊதுபந்தால் ஊதுங்கள், உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். தீவுப்பக்கம் போனால் வீட்டிலிருந்தே போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே பல கிணறுகள் உவர், அந்தத் தண்ணீரால் துடைத்தால் உப்பின் மேல் உப்பைத் தேய்ப்பதாகத்தான் முடியும். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் அந்தக் கைபேசி வெளிச்சச் சோதனையைக் காசு கொடுக்கும் முன் செய்துவிடுங்கள்.

லென்ஸ் கொழும்பில் கிடந்த அந்த ஆறு கிழமையும் ஒரு சாதாரண தொலைநோக்கியோடு போய் உட்கார்ந்திருந்ததுதான் அந்த வருடத்தின் உருப்படியான காலம். படம் எடுக்கிற அவசரம் இல்லாதபோதுதான் பறவை என்ன செய்கிறது என்பது கண்ணில் பட்டது. சின்னக் கொக்கின் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆழமில்லாத தண்ணீரில் அது ஒரு பாதத்தை முன்னால் நீட்டி நடுங்குகிற மாதிரி அசைக்கும். சேற்றில் ஒளிந்திருக்கும் இறாலும் மீன்குஞ்சும் துள்ளி வெளியே வரும், உடனே கொத்து. அது தெரிந்த பிறகு எடுக்கிற படமும் வேறாகிவிடுகிறது. கொத்துக்காகக் காத்திராமல், பாதம் அசையத் தொடங்கியதும் விரலை அழுத்திவிடலாம். சங்குவளை நாரை கண்ணால் தேடுவதே இல்லை. பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நடக்கும், காலால் கிளறும், இடைக்கிடை ஒரு செட்டையை மட்டும் சட்டென்று விரிக்கும். அந்த அசைவில் வெருண்ட மீன் அலகில் முட்டியதும் அலகு மூடிக்கொள்ளும். அதனால்தான் கலங்கிய தண்ணீரில் கொக்கு பட்டினி கிடக்கும் இடத்திலும் நாரை மேயும். கரண்டிவாயனும் தொட்டறிந்து தின்கிற சாதிதான், ஆனால் அது அலகைப் பக்கத்துக்குப் பக்கம் வீசி அரிவாள் பிடித்து அறுக்கிற மாதிரிப் போகும். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகின் மேற்பாதியைக் கீழே வைத்துத் தின்கிறது, நாக்கு பம்பு மாதிரித் தண்ணீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரச் சல்லடை உணவைப் பிடித்துக்கொள்ளும்.

மீன்கொத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலைகட்ட நட்ட தடியில் அது மீனோடு வந்து குந்தினால், மீனின் தலை எந்தப் பக்கம் என்று பாருங்கள். தடியில் அடித்துச் சாகடித்த பிறகு தான் தின்பதற்கு என்றால் மீனின் தலையைத் தன் தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். தலை முதலில் போனால்தான் செதிலும் செட்டை முள்ளும் மடங்கி வழுக்கி இறங்கும். மீனின் தலை அலகுக்கு வெளியே, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது குஞ்சுக்குக் கொண்டுபோகிற மீன். குஞ்சின் வாய்க்குள் தலை முதலில் போகும்படி இப்போதே பிடித்து வைத்திருக்கிறது. பழைய படங்களைத் திரும்பப் புரட்டினால், இதைத் தெரியாமல் நிறையப் பேர் ஒரு கூட்டின் செய்தியையே எடுத்துவைத்திருப்பது தெரியும். அப்படி ஒரு மீனைக் கண்டால் பறவை பறந்த திசையில் பின்தொடர்ந்து போக வேண்டாம். நின்ற இடத்திலேயே இருங்கள். தொந்தரவு இல்லாவிட்டால் அதே தடிக்கு அது திரும்பவும் வரும்.

தண்ணீருக்கு மேலே பறந்து மீன் பிடிக்கும் ஆலாக்களில் சின்ன ஆலா அந்தரத்தில் நின்று செட்டை அடித்து நேரே குத்தி விழும். மீசை ஆலா அப்படி விழுவதில்லை, தண்ணீர் மட்டத்தைத் தொட்டு அள்ளிக்கொண்டு போகும். இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுதான். அலகு முன்னோக்கி இருந்தால் போய்க்கொண்டிருக்கிறது, அலகு கீழ்நோக்கித் திரும்பினால் தேடுகிறது. விழுகிற கணத்தைப் பிடிக்க முயன்று முதல் வருடம் வீணானது. தண்ணீருக்குள் இருந்து எழும்பி ஒன்றிரண்டு வினாடியில் சின்ன ஆலா அந்தரத்திலேயே உடம்பை ஒரு உதறு உதறும். குவியம் பிடிக்க நேரம் கிடைப்பது அப்போதுதான், மீனும் அலகில் இருக்கும். வேகம் 1/3200க்குக் குறையக்கூடாது.

இனிக் கூடு. மே மாதம், சோளகம் தொடங்கி வெளி வற்றிப் பொருக்கு வெடித்துக் கிடந்த நேரம், இரவல் லென்ஸ் ஒன்று கிடைத்தது. தரவையில், அதாவது மரமில்லாத உவர் வெளியில், ஓர் உப்புக்கொத்தி முன்னால் ஓடியது. இங்கே வசிக்கும் இந்தச் சின்னக் குருவியை நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகையென்றே கணக்கிட்டு வந்தார்கள். 2023இல்தான் ஹனுமான் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்தார்கள். இலங்கையும் தென்னிந்தியாவும்தான் அதன் ஊர். அது கூடு கட்டுவதில்லை. மாட்டுக் குளம்படி அளவுப் பள்ளம், அதில் மண் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல் போட்ட முட்டைகள். எட்டு மீற்றரில் நான் படுத்தபோது அது செட்டை முறிந்ததுபோல நிலத்தில் இழுத்து இழுத்து நடித்தது. வாலை விரித்து, ஒரு செட்டையை மண்ணில் தேய்த்து, திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தது. பார்க்க அவ்வளவு வடிவு. நாற்பது நிமிடத்தில் முந்நூறு படம். அந்த நாற்பது நிமிடமும் மூன்று முட்டைகளும் பதினொரு மணி வெயிலில் திறந்து கிடந்தன.

அடுத்த நாள் பள்ளம் வெறுமையாக இருந்தது, பக்கத்தில் மஞ்சள் கரு காய்ந்த ஓர் ஓடு. அந்த வெளியில் மாடு விடுகிற பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, நீர் படுத்துக் கிடக்கேக்க காகம் ரெண்டு கட்டையில குந்திக்கொண்டு உம்மையே பாத்துக்கொண்டு இருந்தது, கண்டனீரே?" என்று கேட்டார். காணவில்லை. வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஏறத்தாழ நூறு படத்தில் அவை இருக்கின்றன. செட்டை விரித்த குருவிக்குப் பின்னால், குவியம் தப்பி மங்கலாக, வேலிக்கட்டையில் இரண்டு கறுப்புப் பொட்டுகள். அந்தப் படங்களில் ஒன்றையும் இதுவரை ஒருவருக்கும் காட்டியதில்லை.

ஆகவே இதைக் கவனமாக வாசியுங்கள். நிலத்தில் முட்டையிடும் பறவை, அது உப்புக்கொத்தியோ பவளக்கால் உள்ளானோ ஆட்காட்டியோ ஆலாவோ, செட்டை முறிந்த மாதிரி நடித்தால், தலைக்கு மேலே திரும்பத் திரும்பச் சுற்றிக் கத்தினால், வெறும் நிலத்தில் அடைகாக்கிற மாதிரிப் பொய்யாகக் குந்தி எழும்பினால், நீங்கள் ஏற்கனவே மிகக் கிட்ட வந்துவிட்டீர்கள். படம் எடுக்காமல் வந்த வழியைப் பார்த்துக் காலடியைக் கவனித்துக்கொண்டு விலகுங்கள். குஞ்சுகள் பொரித்து ஒரு நாளுக்குள் கூட்டை விட்டு நடந்துவிடும், ஆபத்தென்றால் அசையாமல் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும், மிதித்தால்கூடத் தெரியாது. கூடே கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் வந்த வழியே திரும்ப வேண்டாம், நின்று காட்டிக்கொடுக்காமல் அதைக் கடந்து போகிற மாதிரியே நடந்துபோய்விடுங்கள். கூடு வரை போய்த் திரும்பிய காலடித் தடத்தை நாய் மோப்பம் பிடித்து வரும். அடையாளத்துக்குக் கல் அடுக்குவது, குச்சி நடுவது எல்லாம் காகத்துக்கு அறிவிப்புப் பலகை. கைபேசியில் இடத்தைப் பதியும் வசதியை நிறுத்திவிடுங்கள், படத்தைப் பகிர்ந்தால் வெளியின் பெயரைக்கூட எழுத வேண்டாம். நேரமும் முக்கியம். எங்கள் ஊர் வெயிலில் பகலில் தாய் குந்தியிருப்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. காலை ஏழரைக்குப் பிறகும் பின்னேரம் ஐந்துக்கு முன்னும் கூட்டுப் பக்கம் போகவே கூடாது.

கூடு இல்லாத காலத்திலும் பறவையின் அறிவிப்பைப் படிக்கப் பழக வேண்டும். மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் முதல் எச்சரிக்கை. உள்ளான்கள் தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் இரண்டாவது. பெரிய பறவை எச்சமிட்டு உடம்பை முன்னால் சாய்த்தால் அடுத்த வினாடி பறக்கப் போகிறது. முதல் எச்சரிக்கையிலேயே நின்று, அது திரும்ப மேயத் தொடங்கும்வரை அசையாமல் இருந்தால் பெரும்பாலும் இன்னும் பத்து மீற்றர் அனுமதி கிடைக்கும். கூட்டத்தில் ஆட்காட்டி ஒன்று இருந்தால் அதற்கு முதலில் மரியாதை கொடுங்கள், அது கத்தினால் முழு வெளியும் எழும்பும். பூநாரைக் கூட்டத்துக்குக் கிட்டப் போகவே முயல வேண்டாம். ஓடித்தான் அவை எழும்ப வேண்டும், ஒருமுறை எழுப்பினால் தின்றதில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது, அங்கே அனுமதியோடுதான் போக வேண்டும். காவலரண்கள் இருக்கும் பாலங்களில் முதலில் போய் வணக்கம் சொல்லி, கமராவில் இருக்கும் பறவைப் படங்களைக் காட்டிவிட்டு, லென்ஸை அந்தப் பக்கம் திருப்பாமல் நில்லுங்கள்.

மீன்பிடிக்கிறவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனாலும் கொக்கு அசைவதில்லை. அவர் ஒவ்வொரு நாளும் அதே நேரம் அதே தடத்தில் போகிறார், பறவையைப் பார்ப்பதில்லை. இரண்டாவது வருடம் அதையே பின்பற்றினேன். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சாம்பல் சேட். முதல் மூன்று நாளும் கமராவை வெளியே எடுக்கவேயில்லை. நடந்து போகாமல் ஓட்டோவிலேயே இருந்து எடுப்பது இன்னும் நல்லது. ஓட்டோவை இந்தப் பறவைகள் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை. எஞ்சினை நிறுத்தி, பக்கப் படங்கைப் பாதி இறக்கி, பழைய காற்சட்டையின் ஒரு காலை வெட்டி உமி நிரப்பித் தைத்த பையைக் கம்பியில் போட்டு அதன் மேல் லென்ஸை வைத்தால் முக்காலியே தேவையில்லை. கமராவில் சத்தமில்லா முறை இருந்தால் அதைப் போடுங்கள்.

அப்படி இருந்த ஒரு ஜூன் பின்னேரம், ஐந்தேகால் போல, எழுபது மீற்றருக்கு அப்பால் தரவையில் ஓர் உப்புக்கொத்திப் பெண் குந்தியிருந்தது. வெயில் இன்னும் தணியவில்லை, அலகு திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆண் நேரே கூட்டுக்கு வராமல் முதலில் உவர்க்குட்டையின் ஓரத்துக்கு ஓடியது. தண்ணீரில் குந்தி நெஞ்சையும் வயிற்றையும் நன்றாக நனைத்தது. பெண் எழும்பிய உடனே நனைந்த வயிற்றோடு முட்டைகளின் மேல் அமர்ந்து, இரண்டு பக்கமும் ஆடி ஆடிப் பொருந்திக்கொண்டது. முட்டைக்கு ஈரத்தால் குளிர்ச்சி கொடுக்கிறது. பகலில் பெரும்பகுதி பெண், இரவில் ஆண் என்பதால் அது கடமை மாறும் வேளையும்கூட. இருபது படம் எடுத்தேன். பறவை படத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுதான். பெரிதாக்கினால் வயிற்று இறகுகள் ஊசி ஊசியாக ஒட்டியிருப்பதும், ஒரு துளி கால் வழியாக வழிவதும் தெரிகிறது. தலை குனிந்து முட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஓட்டோப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.